281 கிலோவும் திருப்பதிப் பதுமையும்

சந்திரனில் இறங்கிய யந்திரத்தைப்பற்றிப் பேசாதவர்கள் இன்று நம் நாட்டில் கிடையாது. 2023-ஆம் வருஷம் ஆகஸ்டு மாதம் 23-ந் தேதி மாலை 6 மணி 4 நிமிஷத்திற்குச் சந்திரயான்-3-ன் இறங்குகலம் அங்கே கால் ஊன்றியபோது வெடி வெடித்தவர்களும் தேங்காய் உடைத்தவர்களும் அநேகர். ஆனால் அதற்கு நான்கு வருஷத்திற்கு முன், 2019 செப்டம்பர் 7-ந் தேதி விடிவதற்கு முன்பாக, அதே பெயருள்ள இறங்குகலம் அதே சந்திரனில் விழுந்து நொறுங்கிற்றே, அந்த விழுந்ததற்கும் இந்த நின்றதற்கும் நடுவில் என்ன செய்தார்கள், எதைக் கூட்டினார்கள், எதைக் கழித்தார்கள் என்று கேட்டவர்கள் எத்தனை பேர்? வெற்றி பெற்றால் கடவுள் கிருபை, தோற்றால் தலைவிதி என்று சொல்லிப் பழகிய வாய்க்கு இந்தக் கேள்வி வராது. வராததில் ஆச்சரியமும் இல்லை.

இந்தக் கேள்வியைக் கேட்டால்தான் அந்த 2023-ஆம் வருஷத்து வெற்றிக்கு அர்த்தம் உண்டு என்பது நமது அபிப்பிராயம். ஆகவே இந்த வாரம் அதைப்பற்றிக் கொஞ்சம் விரிவாக எழுதுகிறோம். வாசகத் தோழர்கள் கணக்கைப் பார்த்து மலைக்க வேண்டாம். மளிகைக் கடைக் கணக்குக்கு மேல் இதில் ஒன்றும் இல்லை.

முதலில் எடைக் கணக்கு. 2019-ல் போன சந்திரயான்-2-ன் மொத்த எடை 3850 கிலோ. அதில் சந்திரனைச் சுற்றி வரும் கலம் 2379 கிலோ. இறங்குகலம், அதற்குள் இருந்த சிறு வண்டி உட்பட, 1471 கிலோ. 2023-ல் போன சந்திரயான்-3-ன் மொத்த எடை 3900 கிலோ. தூக்கிப் போகிற ராக்கெட்டு இரண்டுக்கும் ஒரே ஜாதிதான். (ஜாதி என்ற சொல்லை ராக்கெட்டுக்குச் சொல்லுவதில் நமக்கு ஆட்சேபணை இல்லை.) அது தூக்கக்கூடிய பாரத்திற்கு ஒரு எல்லை உண்டு. பக்தி எவ்வளவு இருந்தாலும் அந்த எல்லைக்கு மேல் தூக்காது.

இப்போது பாருங்கள். சந்திரயான்-3-ல் இறங்குகலம் 1752 கிலோ. அதாவது முந்தியதைவிட 281 கிலோ ஜாஸ்தி. இந்த 281 கிலோ எங்கிருந்து வந்தது? மொத்தத்தில் கூடியது 50 கிலோ. மீதி 231 கிலோவை யாரிடமிருந்தோ பிடுங்கித்தான் ஆகவேண்டும். யாரிடமிருந்து பிடுங்கினார்கள் என்றால், சுற்றி வரும் கலத்திடமிருந்து. முந்தியதில் 2379 கிலோ எடையில் 8 ஆராய்ச்சிக் கருவிகளோடு ஒரு கலம் சுற்றியது. இந்தத் தடவை அதை அடியோடு எடுத்துவிட்டு, இறங்குகலத்தைச் சந்திரன்வரை தள்ளிக்கொண்டு போய் விடுவதற்கு மாத்திரம் 2148 கிலோவில் ஒரு தள்ளுகலம் வைத்தார்கள். அதில் இருந்த ஆராய்ச்சிக் கருவி ஒன்றே ஒன்று. அதுவும் சந்திரனைப் பார்ப்பதற்கு அல்ல, தூரத்திலிருந்து நம் பூமியின் ஒளியைப் பார்ப்பதற்கு.

எட்டை விட்டு ஒன்று. நம் ஊர்ப் பத்திரிகைகள் எவையேனும் இதைக் கொட்டை எழுத்தில் போட்டனவா?

குன்னூர்ப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் வேலை செய்கிற தோழர்களிடம் இந்த விஷயம் பேச்சில் வந்தபோது அவர்களில் சிலர் கேட்ட கேள்வி மிகவும் நியாயமானது. “இவ்வளவு பணம் போட்டு மறுபடியும் போகிறவர்கள் முன்னைவிட ஜாஸ்தி கருவி அல்லவா கொண்டுபோக வேண்டும்? குறைத்துக்கொண்டு போவதா முன்னேற்றம்?” என்றார்கள். அவர்களுக்கு நாம் சொன்ன பதில் அவர்களுடைய தொழிலிலேயே இருந்தது. தேயிலைச் செடியை நாலைந்து வருஷத்திற்கு ஒரு தடவை கவாத்து வெட்டுகிறார்களே, எதற்காக? நன்றாகத் துளிர்த்து நிற்கிற செடியை வெட்டிக் கட்டையாக்கிவிட்டுச் சில மாதம் கொழுந்து இல்லாமல் கிடப்பது புதிதாகப் பார்க்கிறவனுக்குப் பைத்தியக்காரத்தனமாகத் தோன்றும். ஆனால் கவாத்து வெட்டாத செடி ஆள் உயரத்திற்கு மேல் மரமாய்ப் போய் ஒருவருக்கும் உதவாது. எதை வெட்டலாம், எந்த வாதை விட்டுவைக்கலாம், எந்தப் பருவத்தில் வெட்டலாம் என்பதுதான் அங்கே வித்தை. அரிவாள் எல்லோர் கையிலும் இருக்கிறது.

சந்திரயான் விஷயத்தில் சுற்றுகலத்தை வெட்டியதற்குக் காரணம் மிகவும் திடமானது. 2019-ல் இறங்குகலம் விழுந்ததே ஒழிய, சுற்றுகலம் விழவில்லை. அது நன்றாகவே வேலை செய்துகொண்டிருந்தது. ஒரு வருஷத்திற்கு என்று திட்டம் போட்டு அனுப்பிய அது, சரியாகக் கொண்டுபோய் வைக்கப்பட்டதால் எரிபொருள் மிஞ்சி, ஏழு வருஷம் வரை உழைக்கும் என்று கணக்கிடப்பட்டது. அதன் காமிரா சந்திரனின் தரையில் ஒரு அடி அளவுள்ள கல்லைக்கூடப் பிரித்துக் காட்டக்கூடியது. சந்திரயான்-3 எங்கே இறங்குவது என்பதற்கு இடம் தேடிக் கொடுத்ததே அந்தப் பழைய கலத்தின் படங்கள்தான். இறங்கிய பிறகு செய்தி அனுப்பவும் அதையே ஒரு வழியாக உபயோகித்தார்கள். வீட்டில் ஒரு நல்ல விளக்கு எரிந்துகொண்டிருக்கும்போது இன்னொன்று வாங்குகிறவன் பணக்காரனாக இருக்கலாம். புத்திசாலி என்று சொல்லமுடியாது.

நிற்க, மிச்சம் பிடித்த அந்த 281 கிலோவை எதில் போட்டார்கள் என்று பார்ப்போம். ஆராய்ச்சிக் கருவியில் போடவில்லை. இறங்குகலத்தில் 2019-ல் இருந்த நான்கு கருவிகளே 2023-லும். வண்டியில் அதே இரண்டே. போட்டதெல்லாம் கால்களிலும், எரிபொருளிலும், சூரிய ஒளியில் மின்சாரம் எடுக்கும் பலகைகளிலும், வேகத்தை அளக்கும் புதிய உபகரணத்திலுந்தான். முந்திய கலத்தின் கால்கள் வினாடிக்கு 2 மீட்டர் வேகத்தில் தரையைத் தொட்டால் தாங்கும்; இந்தக் கால்கள் 3 மீட்டர் வரை தாங்கும்படி பலப்படுத்தப்பட்டன. முந்தியதற்கு இறங்குமிடம் 500 மீட்டருக்கு 500 மீட்டர் என்று ஒரு சிறு சதுரம் குறிக்கப்பட்டிருந்தது. இதற்கு 4 கிலோ மீட்டருக்கு 2.4 கிலோ மீட்டர் என்று ஒரு பெரிய மைதானமே கொடுக்கப்பட்டது. அதற்குள் எங்கே இறங்கினாலும் சரி, எந்தப் பக்கம் பார்த்து நின்றாலும் சரி, மின்சாரம் கிடைக்கும்படியாகச் சுற்றிலும் பலகைகள். நடுவில் ஒன்றும் சுற்றி நான்குமாக ஐந்து எஞ்சின் இருந்ததில் நடு எஞ்சினை எடுத்துவிட்டார்கள்.

இவை எல்லாம் யாரோ ஒருவர் கனவில் வந்து சொன்னவை அல்ல. விழுந்த கலம் ஏன் விழுந்தது என்று உட்கார்ந்து ஆராய்ந்ததில் வந்தவை. 2019 நவம்பரில் பார்லிமெண்டில் சர்க்கார் கொடுத்த பதிலில் சொன்னது இது: 30 கிலோ மீட்டர் உயரத்திலிருந்து 7.4 கிலோ மீட்டர் உயரம் வரை எல்லாம் சரியாக நடந்து, வினாடிக்கு 1683 மீட்டராக இருந்த வேகம் 146 மீட்டராகக் குறைந்தது; அதற்கு அடுத்த கட்டத்தில்தான் வேகம் திட்டமிட்டதற்கு மேல் குறைந்து கணக்குப் பிசகி, குறித்த இடத்திற்கு 500 மீட்டருக்குள் கலம் மோதி விழுந்தது. 2023 ஜூலையில் அப்போதைய தலைவர் சோமநாத் இன்னும் கொஞ்சம் விளக்கமாகச் சொன்னார். எஞ்சின்கள் எதிர்பார்த்ததைவிட ஜாஸ்தி உந்தியதால் சிறு சிறு பிசகுகள் சேர்ந்துகொண்டே போயின. அதைச் சரிசெய்யக் கலம் வேகமாகத் திரும்பவேண்டி வந்தபோது, அவ்வளவு வேகமாகத் திரும்ப அதற்கு இடம் கொடுக்கப்பட்டிருக்கவில்லை. போதாக்குறைக்கு 500 மீட்டர் சதுரத்திற்குள்ளேதான் இறங்கவேண்டும் என்று கட்டளை இருந்ததால், தரை நெருங்கிவிட்ட நேரத்தில்கூட அந்த இடத்தைப் பிடிக்க அது ஓடிக்கொண்டிருந்தது.

இந்தக் கடைசிக் காரணத்தை வாசகர்கள் கொஞ்சம் நிறுத்திப் படிக்கவேண்டும். யந்திரம் கெட்டுப்போகவில்லை. தனக்கு இட்ட கட்டளையை அது அட்சரம் பிசகாமல் நிறைவேற்றப் பார்த்தது; அதனாலேயே செத்தது. விழாமல் இறங்குவது முக்கியமா, குறித்த இடத்தில் இறங்குவது முக்கியமா என்று அதற்கு யாரும் சொல்லிவைக்கவில்லை. நம் சமூகத்தில் சாஸ்திரத்தில் எழுதியிருக்கிறது என்பதற்காக உயிர் போகிற நேரத்திலும் நாள் நட்சத்திரம் பார்க்கிறவர்கள் இந்த யந்திரத்திற்கு எவ்விதத்தில் வித்தியாசப்பட்டவர்கள்? ஒரு வித்தியாசம் உண்டு. யந்திரத்தின் கட்டளையை நான்கு வருஷத்தில் மாற்றிவிட்டார்கள்.

சோமநாத் இந்த மாற்றத்தைப்பற்றிச் சொன்னதன் சாரம் மிகவும் யோசிக்கத்தக்கது. முன்பு எல்லாம் சரியாக நடந்தால் எப்படி வெற்றி பெறுவது என்று பார்த்து யந்திரம் செய்தார்கள். இப்போது எது எது கெடும், கெட்டால் எப்படித் தப்புவது என்று பார்த்துச் செய்தார்கள். அளவுகருவி கெட்டால் என்ன, எஞ்சின் குறைவாக உந்தினால் என்ன, கணக்குத் தப்பினால் என்ன என்று ஒவ்வொன்றாகக் கேட்டு ஒவ்வொன்றுக்கும் ஒரு மறுவழி வைத்தார்கள். “அபசகுனமாகப் பேசாதே” என்று வாயை மூடுகிற வீட்டில் இப்படிப்பட்ட யந்திரம் பிறக்குமா?

இனித் திருப்பதி விஷயத்திற்கு வருவோம். 2019 ஜூலையில் சந்திரயான்-2 புறப்படுவதற்குமுன் அப்போதைய தலைவர் திருமலைக்குச் சென்று தரிசனம் செய்து வந்தார். 2023 ஜூலை 13-ந் தேதி, சந்திரயான்-3 புறப்படுவதற்கு முதல் நாள், விஞ்ஞானிகள் சிலர் அதன் சிறு பதுமை ஒன்றை எடுத்துக்கொண்டு அதே திருமலைக்குச் சென்றார்கள். இரண்டும் பத்திரிகைகளில் படத்தோடு வந்த சமாச்சாரந்தான். தனிமனிதர்களுடைய பக்தியைப்பற்றி நாம் இப்போது வழக்காட வரவில்லை. ஆராய்ச்சி முறையிலேயே ஒரு கேள்வி கேட்கிறோம். ஒரு பரீட்சையில் இரண்டு தடவையும் ஒரே மாதிரி இருந்த சரக்கு எதுவோ, அது முடிவில் ஏற்பட்ட வித்தியாசத்திற்குக் காரணமாக இருக்க முடியாது என்பது பள்ளிக்கூடத்துப் பையனுக்கும் தெரியும். சாமி இரண்டு தடவையும் இருந்தது. கால்களின் பலம், எரிபொருள், இறங்குமிடத்தின் அளவு, எஞ்சினின் எண்ணிக்கை, கணக்கு இவைதான் மாறின. ஒன்று விழுந்தது, ஒன்று நின்றது. இதற்குமேல் நாம் என்ன சொல்ல வேண்டும்?

இன்னொரு பதுமைக் கதையும் உண்டு. அதை ஏன் யாரும் அவ்வளவாகக் கொண்டாடுவதில்லை என்பது நமக்கு விளங்கவில்லை. சந்திரனின் மேட்டு நிலத்து மண்ணைப்போன்ற மண் நம் தமிழ்நாட்டிலேயே, நாமக்கல் ஜில்லாவைச் சேர்ந்த சித்தம்பூண்டி, குன்னமலை என்னும் கிராமங்களில் கிடைக்கிற ஒருவகைப் பாறையில் இருக்கிறது. சேலத்தில் பெரியார் பெயரால் இருக்கிற பல்கலைக்கழகத்தின் நிலநூல் துறையார் அந்தப் பாறையை இனம் கண்டு கொடுத்து, பொடியாக்கிய மண் சுமார் 50 டன் அனுப்பப்பட்டது. அந்த மண்ணைத் தரையில் பரப்பித்தான் இறங்குகலத்தின் கால்களையும் வண்டியின் சக்கரங்களையும் பரீட்சை பார்த்தார்கள். மலைமேல் ஒரு பதுமை போயிற்று. மண்ணில் ஒரு பதுமை இறங்கிற்று. இரண்டில் எது சந்திரனில் நிற்கக் கற்றுக்கொடுத்தது என்பதை வாசகர்களே சொல்லிக்கொள்ளட்டும்.

நாம் இருப்பது நீலகிரி ஆனதால் நம் மலையிலேயே இருக்கிற ஒரு சங்கதியையும் சொல்லாமல் விடமுடியாது. உதகமண்டலத்திற்கு அருகே முத்தொரையில் மலைச் சரிவில் நீளமாய்ப் படுத்திருக்கும் ரேடியோ தொலைநோக்கியை நம் தோழர்களில் பலர் பஸ்ஸிலிருந்து பார்த்திருப்பார்கள். 530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம். கோவிந்த் ஸ்வரூப் என்பவரும் அவரோடு சேர்ந்த வாலிபர்களும் 1970-ல் இதைக் கட்டி முடித்தார்கள். அது ஏன் சரிவில் கிடக்கிறது என்று கேட்டால், இடம் கிடைக்காமல் என்று நினைக்கிறவர்களும் உண்டு. காரணம் அது அல்ல. உதகமண்டலம் பூமத்திய ரேகைக்கு வடக்கே சுமார் 11 டிகிரியில் இருக்கிறது. வடக்கு தெற்காக 11 டிகிரி சாய்ந்த ஒரு மலைச் சரிவைத் தேடிப்பிடித்து அதன்மேல் தொலைநோக்கியைப் படுக்கவைத்தால், அதன் நீள அச்சு பூமி சுழலுகிற அச்சுக்கு இணையாக அமைந்துவிடுகிறது. பிறகு அதை ஒரே ஒரு பக்கமாக உருட்டிக்கொண்டிருந்தால் போதும், வானத்தில் ஒரு பொருளை ஒன்பதரை மணி நேரம் விடாமல் பின்தொடரலாம். பெரிய பெரிய சக்கரமும் சுழல்மேடையும் வைத்துக் கோடி கோடியாய்க் கொட்டவேண்டிய வேலையை ஒரு மலை செய்துவிட்டது!

அதில் தகடும் போடவில்லை. துருப்பிடிக்காத எஃகுக் கம்பி 1100 இழுத்துக் கட்டியிருக்கிறார்கள். அது வாங்கும் அலையின் நீளம் ஏறத்தாழ 92 செண்டிமீட்டர். கம்பிகளுக்கு நடுவில் உள்ள சிறு சந்துகள் அந்த அலைக்குத் தெரியாது. பெரிய மீனுக்கு வலையும் சுவரும் ஒன்றுதான். காற்று புகுந்து போய்விடும், பாரமும் குறைவு, செலவும் குறைவு.

ஆனால் இந்த லாபமெல்லாம் சும்மா வந்துவிடவில்லை. ஒரே அலைவரிசைதான் கேட்கும். அலைகள் அதிரும் திசையில் ஒன்றைத்தான் வாங்கும். அன்றைய முதன்மையான வேலை, சந்திரன் ஒரு ரேடியோ நட்சத்திரத்தை மறைக்கிற நேரத்தைக் கொண்டு அதன் அளவையும் இடத்தையும் நுட்பமாகக் கணிப்பது. ஆகையால் சந்திரன் போகிற பாதையில் இருப்பதைத்தான் அந்த முறையில் ஆராயலாம். இவ்வளவையும் தெரிந்தேதான் விட்டார்கள். விட்டு எதைப் பெற்றார்கள்? பல மைல் அகலமுள்ள கருவி இருந்தால்தான் கிடைக்கக்கூடிய நுட்பத்தை ஏழை நாடு ஒன்று ஒரு மலைச் சரிவிலிருந்து பெற்றது. அந்த அளவுகளை வைத்து, இந்தப் பிரபஞ்சம் என்றைக்கும் ஒரே மாதிரி இருந்து வருகிறதா, காலத்தில் மாறி வருகிறதா என்ற வாதத்தில், மாறித்தான் வருகிறது என்ற பக்கத்திற்கு 1975-ல் சாட்சி சொன்னார்கள். அநாதி, அநாதி என்று நமக்குச் சொல்லிக்கொண்டிருந்தவர்கள் இதைப் படித்திருக்க மாட்டார்கள். அதே தொலைநோக்கி பிற்காலத்தில் சூரியனிலிருந்து வீசும் துகள்காற்றைக் கண்காணிக்கவும் உதவியது.

வெளி தேசத்திலும் இதே கதைதான், இன்னும் கசப்பாக. வியாழன் கிரகத்திற்கு அமெரிக்கர்கள் அனுப்பிய கலீலியோ என்ற கலம் 1986-ல் புறப்படவேண்டியது. அந்த வருஷம் ஜனவரியில் சாலஞ்சர் விண்வண்டி வெடித்து ஏழு பேர் மாண்டார்கள். பலமான உந்துராக்கெட்டை ஆட்கள் போகிற வண்டியில் ஏற்றக்கூடாது என்று ஆகிவிட்டது. ஆகவே நேராகப் போகவேண்டிய கலத்தைச் சூரியன் பக்கமாக வெள்ளிக்குப் போய், பூமியை இரண்டு தடவை சுற்றி வளைத்து, அவைகளின் இழுப்பில் வேகம் எடுத்துக்கொண்டு போகும்படி மாற்றினார்கள். வெயில் ஜாஸ்தியாகும் என்று அதன் பெரிய ஆண்டெனாவைக் குடைபோல மடக்கியே வைத்தார்கள். வருஷக்கணக்காக மடங்கிக் கிடந்த அந்தக் குடை 1991-ல் விரியச் சொன்னபோது முழுவதும் விரியவில்லை. லாரியில் தேசத்திற்குக் குறுக்கே அங்குமிங்கும் கொண்டுபோனதில் கம்பிகளில் தடவியிருந்த மசகு தேய்ந்து போயிருக்கவேண்டும் என்று கண்டார்கள். உயிரைக் காக்கச் செய்த மாற்றம் வாயை அடைத்துவிட்டது. பிறகு சிறிய ஆண்டெனாவைக்கொண்டு, செய்தியைச் சுருக்கி அனுப்பும் முறையைத் தூரத்திலிருந்தே அதற்குக் கற்றுக்கொடுத்து, எந்தப் படம் வேண்டும் எந்தப் படம் வேண்டாம் என்று தங்களுக்குள் சண்டையிட்டுத் தேர்ந்து, 1995 முதல் 2003 வரை அதை வேலை வாங்கினார்கள். யூரோப்பா என்ற உபகிரகத்தின் பனிக்கட்டிக்கு அடியில் கடல் இருக்கக்கூடும் என்பதற்கு நல்ல அத்தாட்சி கிடைத்தது அந்த ஊமைக் கலத்திடமிருந்துதான்.

சந்திரயான்-3-ல் விட்டதில் நமக்கு வருத்தமே இல்லையா என்றால், உண்டு. இரவைத் தாங்கும் சக்தியை விட்டார்கள். சந்திரனில் ஒரு பகல் நமக்கு 14 நாள், இரவும் அவ்வளவே, அந்த இரவின் குளிர் தண்ணீர் உறையும் நிலைக்குக் கீழே இருநூறு டிகிரிக்குப் பக்கத்தில் போகக்கூடியது. அதைத் தாங்கவேண்டுமானால் உள்ளே கணப்பு வேண்டும். கணப்புக்கு எடை வேண்டும், வேறு பல தொல்லையும் உண்டு. ஒரு பகல் போதும் என்று வைத்துக்கொண்டார்கள். அந்த ஒரு பகலில் வண்டி நூறு மீட்டருக்குச் சிறிது மேல் ஓடிற்று. மண்ணில் கந்தகம் இருப்பதைக் கண்டது. தரைக்குள் இறக்கிய கோல், மேல் தரையில் 50 டிகிரி சூடு இருக்கையில் 8 செண்டிமீட்டர் ஆழத்திலேயே சூடு பூஜ்யத்திற்குக் கீழ் 10 டிகிரி என்று காட்டியது. ஒரு சாண் ஆழம்கூட இல்லை, 60 டிகிரி வித்தியாசம்! கடைசியில் கொஞ்சம் எரிபொருள் மிஞ்சியதால் செப்டம்பர் 3-ந் தேதி கலத்தை 40 செண்டிமீட்டர் மேலே எழுப்பி மறுபடியும் இறக்கிப் பார்த்தார்கள். பிறகு இரவு வந்தது, தூங்கியது, எழுந்திருக்கவில்லை. ஆனால் நின்றதினால்தான் இத்தனையும். விழுந்த கலத்திலும் இதே கருவிகள் இருந்தன. அவைகள் சொன்னது ஒன்றும் இல்லை.

இடம் விஷயத்திலும் விட்டதுண்டு. “தென் துருவத்தில் இறங்கிவிட்டோம்” என்று நம் நாட்டில் முழங்குகிறார்கள். இறங்கிய இடம் தெற்கே 69 டிகிரிக்குச் சற்று மேல். துருவம் 90 டிகிரி. நடுவில் இன்னும் 600 கிலோ மீட்டருக்கு மேல் இருக்கிறது. இதற்குமுன் யாரும் பத்திரமாக இறங்காத அளவு தெற்கே இறங்கினார்கள் என்பது உண்மை, பெருமைப்படத்தக்க உண்மை. அதைவிட்டுத் துருவம் என்று ஏன் பொய் சொல்லவேண்டும்? துருவத்தில்தான் வெயிலே படாத பள்ளங்களில் பனிக்கட்டி இருக்கிறது. ஆனால் வெயில் படாத இடத்தில் வெயிலால் ஓடும் யந்திரம் எப்படி ஓடும்? மேடுபள்ளம் குறைந்த தரை, நல்ல வெளிச்சம், பூமியோடு பேசத் தடையில்லாத பார்வை, இம்மூன்றையும் தேடி அவர்கள் பனிக்கட்டியை விட்டார்கள். அந்தப் புத்திசாலித்தனத்தை மறைத்துப் பொய்ப் பெருமை பேசுகிறவர்கள், அந்த விஞ்ஞானிகளை மெச்சுகிறவர்களா, ஏளனம் செய்கிறவர்களா? இறங்கிய இடத்திற்குப் புராணப் பெயர் ஒன்றை 2023 ஆகஸ்டு 26-ல் சூட்டியும் ஆயிற்று. இடம் தேடிக்கொடுத்த காமிராவுக்கு என்ன பெயர் என்று எத்தனை பேருக்குத் தெரியும்?

பணத்தைப்பற்றியும் கேட்கிறார்கள். இலங்கையிலிருந்து 1964-ஆம் வருஷத்து ஒப்பந்தத்தின்பேரில் கொண்டுவரப்பட்ட தொழிலாளர் குடும்பங்கள் நம் மலைகளில் ஒழுகுகிற லயங்களில் இருக்கும்போது சந்திரனுக்கு ஏன் என்ற கேள்வியை நாம் அலட்சியம் செய்யமாட்டோம். சந்திரயான்-3-க்கு ஆன செலவு சுமார் 615 கோடி ரூபாய். 140 கோடி ஜனங்களுக்குப் பங்கிட்டால் தலைக்கு நாலரை ரூபாய்க்கும் குறைவு. பஸ் நிலையத்தில் ஒரு டம்ளர் டீக்குக்கூடக் காணாது. ராக்கெட்டு இல்லாத காலத்திலும் அந்தக் கூரை ஒழுகிக்கொண்டுதான் இருந்தது. ராக்கெட்டை நிறுத்தினால் கூரை தானாக ஏறிவிடாது. ஆனால் ஒன்று. நாலு ரூபாய் கொடுத்தவன் கணக்குக் கேட்க உரிமையுள்ளவன்.

அந்தக் கணக்கில்தான் நமக்குக் குறை இருக்கிறது. 2019-ல் கலம் விழுந்ததைப்பற்றி ஒரு கமிட்டி விசாரித்தது. அதன் முழு அறிக்கை பொதுஜனங்கள் பார்க்கும்படி வெளியிடப்படவில்லை. பார்லிமெண்டில் ஒரு சிறு பதில், நான்கு வருஷம் கழித்துத் தலைவர் வாயால் ஒரு விளக்கம், இவ்வளவே. 1999-ல் அமெரிக்கர்களின் செவ்வாய்க் கலம் ஒன்று நஷ்டமானபோது, ஒரு கூட்டத்தார் பவுண்டுக் கணக்கிலும் இன்னொரு கூட்டத்தார் நியூட்டன் கணக்கிலும் போட்டுக் குழப்பியதால் வந்த வினை என்று, மானம் போகிற சங்கதியை அவர்களே அச்சிட்டு உலகத்திற்குக் கொடுத்தார்கள். அதனால் அவர்களுடைய மதிப்புக் குறைந்துவிடவில்லை. காலேஜில் படிக்கிற பையன்கள் இன்றும் அதைப் பாடமாகப் படிக்கிறார்கள். நம் பையன்கள் நம் பிசகைப் படிக்க வேண்டாமா? 500 மீட்டர் சதுரம் என்று யார், எந்தக் காரணத்தால் குறித்தார்கள். வேண்டாம் என்று சொன்னவர்கள் இருந்தார்களா. இருந்தால் அவர்கள் பேச்சு ஏன் எடுபடவில்லை என்பதெல்லாம் அந்த அறிக்கையில்தான் இருக்க முடியும்.

இனி வரப்போவது இதைவிடப் பெரியது. சந்திரனிலிருந்து மண் எடுத்துக்கொண்டு திரும்பிவருகிற சந்திரயான்-4-க்கு 2024 செப்டம்பரில் மந்திரிசபை 2104 கோடி ரூபாய்க்கு மேல் ஒதுக்கி அங்கீகாரம் கொடுத்தது. இறங்கவும் வேண்டும், ஏறவும் வேண்டும், வானத்தில் ஒன்றோடொன்று கூடவும் வேண்டும், பூமிக்குள் எரியாமல் நுழையவும் வேண்டும். இதில் ஒவ்வொரு கிலோவுக்கும் சண்டை வரும், வரத்தான் வேண்டும். எத்தனை கிராம் மண், எந்த ஆழத்து மண், எந்த இடத்து மண் என்பதற்காகச் சில கருவிகளை இறக்கிவிடுவார்கள். எவற்றை இறக்கினார்கள், ஏன் இறக்கினார்கள் என்ற ஜாபிதாவைக் கலம் புறப்படுவதற்கு முன்னாலேயே, முடிந்தால் தமிழிலும், வெளியிடவேண்டும் என்று கேட்கிறோம். 2019-ஆம் வருஷத்துக் கமிட்டி அறிக்கையையும் அதோடு சேர்த்து அச்சிடட்டும். மாணவர்கள் படிக்கிற லைப்ரரிகளுக்கு, உதகமண்டலத்திற்கும் குன்னூருக்கும் உட்பட, ஆளுக்கொரு பிரதி அனுப்ப ஆகிற தபால் செலவு அந்த 2104 கோடியில் கண்ணுக்குத் தெரியாது.